பதினைந்தாம் நாள் தட்டைக் கொட்டாதீர்கள்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் இந்த வசந்தத்தில் முதன்முறையாக வீட்டில் விதை போட வெளிக்கிட்டிருக்கும் நம்மவர்களுக்கு,



போன ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதியில், எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் தொலைபேசி எடுத்தார். பார்ஸ்லி விதை போட்டுப் பதினைந்து நாளாகியும் ஒரு பொட்டு முளைகூட இல்லை, செத்த விதையை விற்றுவிட்டார்கள் என்றார். குரலில் உண்மையான மனவருத்தம் இருந்தது. ஊரில் அவர் கைபட்டால் காய்ந்த தடியும் தளிர்க்கும் என்று பெயர் எடுத்தவர். "இன்னும் கொஞ்ச நாள் பாருங்கோ அக்கா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "நான் அதைக் காலமையே வேலிக்கரையிலை கொட்டிப்போட்டன்" என்றார்.

மே மாதக் கடைசியில் அவர் வீட்டுக்குப் போனேன். வேலி ஓரத்தில், கொட்டிக் கிடந்த மண்ணில், முப்பது நாற்பது பார்ஸ்லிக் கன்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அது புல் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை புல்வெட்டி அதன்மேல் போயிருக்கும்.

அந்தக் குவியலைக் கண்ட நாளிலிருந்து உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் இதே கதையை இன்னும் நான்கைந்து வீடுகளில் கேட்டுவிட்டேன். எல்லோரும் பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினைந்தாம் நாள் கைவிட்டவர்கள். சிலர் விதையைப் பழித்தார்கள், சிலர் இந்தக் குளிர் நாட்டு மண்ணைப் பழித்தார்கள், இன்னும் சிலர் தங்களுக்குக் கைராசி இல்லை என்று சொல்லி அடுத்த ஆண்டு விதையே வாங்கவில்லை. எனக்கு வருத்தம் தருவது அந்தக் கடைசிக் கூட்டம்தான்.

நாம் பழகிய விதைகள் வேறு மாதிரியானவை. முளைக்கீரை மூன்றாம் நான்காம் நாளிலேயே பாத்தியைப் பச்சையாக்கிவிடும். பயற்றையும் பூசணியும் ஒரு கிழமைக்குள் மண்ணைத் தலையில் தூக்கிக்கொண்டு எழும்பும். அந்தக் கணக்கையே பார்ஸ்லிக்கும் போடுகிறோம். என் தகப்பனார் உரும்பிராயில் புகையிலை செய்தவர். தூளைப் போன்ற அந்த விதையைச் சாம்பலோடு கலந்து மேடையில் தூவி, மேலே கிடுகால் நிழல் கட்டி, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளிப்பார். முளை தெரியாத நாட்களில் அவர் மேடையைக் கிளறிப் பார்த்ததை நான் கண்டதில்லை. கிடுகைச் சற்று விலக்கி, மண்ணில் ஈரம் நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். பார்ஸ்லிக்கு வேண்டியதும் அந்தக் கைதான்.

பார்ஸ்லியை வெள்ளைக்காரரின் செடி என்று தள்ளி வைக்க வேண்டியதில்லை. நம் குசினி அலுமாரியைத் திறந்தால் அதன் உறவுகள் வரிசையாக இருக்கின்றன. கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், பெருங்காயம் எல்லாம் ஒரே குடும்பம். கரட்டும் அதே குடும்பம். சம்பலுக்கு நறுக்கும் வல்லாரையும் அதே குடும்பம்தான். கொத்தமல்லி பூக்கும்போது பார்த்திருப்பீர்கள்: ஒரு காம்பின் நுனியிலிருந்து பல சிறு காம்புகள் குடைக்கம்பிகள் போல விரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு பூக்கள். பார்ஸ்லியும் அப்படியே பூக்கும், நிறம் மட்டும் மஞ்சள் கலந்த பச்சை.

கொத்தமல்லியை விதைக்கும்போது தரையில் போட்டுத் தேய்த்து இரண்டாக உடைப்போம் அல்லவா? ஒரு மல்லி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு காய், அதற்குள் இரண்டு விதை. பார்ஸ்லியில் காய் முற்றிக் காய்ந்ததும் அதுவாகவே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நீங்கள் பக்கெற்றிலிருந்து உள்ளங்கையில் கொட்டும் வளைந்த பழுப்புத் துகள் ஒவ்வொன்றும் அப்படிப் பிரிந்த பாதி. ஒரு கிராமில் சுமார் 600 இருக்கும்.

அந்தத் துகளுக்குள் இருப்பதை அறிந்தால் யாருக்கும் தட்டைக் கொட்ட மனம் வராது. கடலையைப் பிரித்தால் இரண்டு பருப்பும் நடுவில் முளையும் முழுமையாக உருவாகி இருப்பதைக் காணலாம். தண்ணீர் பட்டு ஊதியதும் வெளியே வருவது ஒன்றுதான் அதற்கு மிச்சம். பார்ஸ்லி விதையில் அப்படி இல்லை. அதன் பெரும்பகுதி சேமித்து வைத்த உணவு. ஒரு முனையில் மட்டும் மிகச் சிறிய ஒரு கீற்றுப்போலக் கரு கிடக்கும். தாய்ச்செடியிலிருந்து விதை உதிரும்போது அந்தக் கரு வளர்ந்து முடிந்திருப்பதில்லை. ஈரமும் சூடும் கிடைத்த பிறகுதான் அது விதைக்குள்ளேயே நீளத் தொடங்கும், சுற்றியிருக்கும் உணவைக் கரைத்து உண்டு இடம் பிடிக்கும், போதிய அளவுக்கு வளர்ந்த பின்பே வேரை வெளியே நீட்டும். வயிற்றில் இருக்கும் பிள்ளை மாதிரித்தான். வெளியில் ஒன்றும் தெரியாத அந்த இரண்டு மூன்று கிழமையும் உள்ளே வளர்ச்சி நடக்கிறது. கரட்டும் இந்த வகைதான், கரட் மெதுவாக முளைப்பதற்கும் இதுதான் காரணம்.

இன்னொரு தடையும் உண்டு. விதையின் மேற்தோலில் முளைப்பைத் தடுக்கும் கூமரின் இனப் பொருட்கள் இருக்கின்றன. அவை தண்ணீரில் கரைந்து போகும்வரை விதை அடங்கியே கிடக்கும். மத்தியதரைக் கடலை அண்டிய நாடுகளில் பிறந்த செடி இது. நீண்ட வறண்ட கோடை உள்ள அந்த நிலத்தில், ஒரு தூறலை நம்பி எழும்பிய முளை அடுத்த வெயிலில் கருகும். நல்ல மழை பெய்து ஊறிய பிறகே எழும்புவது என்ற அதன் பிடிவாதத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது.

மண்ணின் சூடு இந்த நாட்கணக்கைப் பெரிதும் மாற்றும். 10 பாகை செல்சியஸில் இருக்கும் மண்ணில் முளைக்க ஏறக்குறைய நான்கு கிழமை எடுக்கும். 15 பாகையில் இரண்டரைக் கிழமை. 20 இலிருந்து 25 பாகைக்குள் வைத்தால் இரண்டு கிழமையில் தலை காட்டத் தொடங்கும். மார்ச் மாதத்தில் ரொறன்ரோ வீட்டு யன்னல் விளிம்பு இரவில் எவ்வளவு குளிர்ந்து போகும் என்று உங்களுக்குத் தெரியும். வீடு 21 பாகை என்று சுவரில் உள்ள கருவி காட்டும், கண்ணாடியை ஒட்டி வைத்த தட்டின் மண் 13 பாகையில் நடுங்கிக்கொண்டிருக்கும். அக்காவின் தட்டும் யன்னல் விளிம்பில்தான் இருந்தது. அவர் கொட்டாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு கிழமையில் பச்சையைப் பார்த்திருப்பார்.

இது நமக்கு மட்டும் வந்த சோதனையும் இல்லை. இங்கிலாந்தின் கிராமத்து மக்கள் பார்ஸ்லி விதை மண்ணுக்குள் இறங்கி ஏழு தரம், சில ஊர்களில் ஒன்பது தரம், சாத்தானிடம் போய்த் திரும்பிய பிறகே முளைக்கும் என்று சொல்லி வந்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று சாத்தானுக்கு அதிகாரம் இல்லை என்பதால் அன்று விதைப்பதை வழக்கமாக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்து சலித்த சனங்களின் பேச்சு அது. நாம் வாழும் ஸ்காபரோவுக்கு அந்தப் பெயர் வந்ததே இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் உள்ள ஸ்காபரோவிலிருந்துதான். 1793 இல் இங்கே வந்த எலிசபெத் சிம்கோ, ஏரிக்கரையில் உயர்ந்து நிற்கும் வெண்சுவர் போன்ற மேட்டைக் கண்டு தன் நாட்டு ஸ்காபரோக் கரை நினைவுக்கு வர, அந்தப் பெயரைச் சூட்டினார். அந்த இங்கிலாந்து ஊரின் சந்தையைப் பாடும் பழைய நாட்டார் பாட்டு ஒன்று உண்டு. அதில் அடுக்கப்படும் நான்கு மணச்செடிகளில் பார்ஸ்லிக்குத்தான் முதலிடம். நம் பிள்ளைகள் அதைப் பள்ளியில் பாடிக்கொண்டு வரும்போது பின்வளவில் அந்தச் செடியைக் காட்ட முடிந்தால் எவ்வளவு நல்லது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் விதையின் வயது. பார்ஸ்லி விதை வெங்காய விதையைப் போலச் சீக்கிரம் உயிர் இழக்கும். அந்த ஆண்டு விற்பனைக்கென்று அச்சிட்ட பக்கெற்றை வாங்குங்கள். மூன்று நான்கு ஆண்டாக லாச்சியில் கிடந்ததை நம்பிக் காத்திருந்தால் உண்மையாகவே ஏமாறுவீர்கள். பழைய விதை கையில் இருந்து எறிய மனம் வராவிட்டால், பத்து விதையை ஈரமான கைதுடைக்கும் கடதாசியில் சுற்றி, பிளாஸ்ரிக் பையில் போட்டு, பிரிட்ஜின் உச்சியில் மூன்று கிழமை வைத்துப் பாருங்கள். ஆறு ஏழு முளைத்தால் நல்ல விதை. ஒன்று இரண்டுதான் என்றால் விட்டுவிடுங்கள்.

விதைப்பதற்கு முதல் நாள் இரவு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ஒரு தரம் அலசுங்கள். தோலிலிருந்து கரைந்த தடைப்பொருள் அந்த முதல் தண்ணீரோடு போய்விடும். அதே தண்ணீரை மண்ணில் ஊற்றினால் ஊறவைத்த பயன் பாதி போயிற்று. ஊறிய விதை ஒன்றோடொன்று ஒட்டும். கடதாசியில் பரப்பி அரை மணி நேரம் விட்டால் உதிர்ந்து வரும்.

தட்டில் தோட்டத்து மண்ணைப் போடாதீர்கள். ஸ்காபரோவின் களிமண் காய்ந்தால் ஓடுபோல இறுகும், அந்த இறுக்கத்தை இந்த மெல்லிய முளையால் உடைக்க முடியாது. விதைக்கென்று விற்கும் கலவையோ தேங்காய்த் தும்புத்தூள் கலந்த மண்ணோ போதும். கலவையை முதலிலேயே நன்றாக நனைத்துப் பிசைந்துகொள்ளுங்கள், காய்ந்த கலவையின்மேல் தண்ணீர் ஓடிப்போகும், உள்ளே இறங்காது. விதையின்மேல் அரைச் சென்ரிமீற்றர் மண் வந்தால் போதும். ஆழம் கூடினால் முளை மேலே வருவதற்குள் உணவு தீர்ந்துவிடும்.

ஈரத்தைப் பற்றித்தான் நான் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. கருவின் வளர்ச்சி தொடங்கிய பிறகு மண் ஒரு தரம் முற்றாகக் காய்ந்தால், அந்தக் கரு செத்துவிடக்கூடும், செத்தால் பிறகு ஆற்றுத் தண்ணீரையே ஊற்றினாலும் எழும்பாது. மூன்று கிழமை என்பது நீண்ட காலம். அதற்குள் ஒரு கலியாண வீடு வரும், ஒரு நீண்ட வாரவிடுமுறை வரும், வேலையில் இரட்டை முறை வரும். வீட்டின் வெப்பக்காற்று ஒரு நாளில் தட்டின் மேல்மண்ணை உலர்த்திவிடும். அதனால் தட்டைப் பிளாஸ்ரிக் உறையால் மூடி, வீட்டில் சூடான ஒரு மூலையில் வையுங்கள். முளைக்கும்வரை வெளிச்சம் தேவையில்லை. தட்டு கனமாக இருக்கிறதா என்று தினமும் கையில் தூக்கிப் பாருங்கள், பாரம் குறைந்திருந்தால் அடியிலிருந்து தண்ணீர் ஊட்டுங்கள். முதல் முளை தெரிந்த அன்றே உறையை எடுத்து, விளக்கடிக்கு மாற்றிவிடுங்கள். உறையோடு இன்னும் இரண்டு நாள் விட்டால் தண்டு அடியில் அழுகிச் சரியும்.

முளைத்தபின் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முதலில் வரும் இரண்டு இலைகளும் ஒடுங்கி நீண்டிருக்கும். பார்த்தால் புல்லோ களையோ என்றுதான் தோன்றும். பல் பல்லாக வெட்டுண்ட பார்ஸ்லி இலை அதற்குப் பிறகுதான் நடுவிலிருந்து வரும். களை என்று பிடுங்கி எறிந்தவர்களை நான் அறிவேன். மூன்றாவது இலை வரும்வரை எதையும் பிடுங்காதீர்கள்.

தட்டு, விளக்கு என்று இடமில்லாதவர்கள் ஏப்ரல் நடுப்பகுதியில், மண் கையில் ஒட்டாமல் உதிரத் தொடங்கியதும், நேரே பாத்தியில் விதைக்கலாம். வரிசையில் இடையிடையே ஒரு சில முள்ளங்கி விதையைப் போட்டு வையுங்கள். அது ஒரு கிழமையில் எழும்பி வரிசை எங்கே என்று காட்டும், பார்ஸ்லி வரும் நேரத்தில் முள்ளங்கியைப் பிடுங்கிச் சமைத்துவிடலாம். விதைத்த வரிசையின்மேல் நனைத்த சாக்கை விரித்து வைத்தால் ஈரம் நிற்கும். அப்பாவின் கிடுகு செய்த வேலையை இங்கே சாக்கு செய்கிறது. பத்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், பச்சை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

"ஏன் இந்தப் பாடு? கடையில் ஒரு சாடி வாங்கி நட்டால் என்ன?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். நடலாம். ஆனால் பல்பொருள் அங்காடியில் விற்கும் அந்தச் சாடியைப் பிரித்துப் பாருங்கள். பார்வைக்கு ஒரு செழித்த செடியாகத் தெரிவது, ஒரே பிடி மண்ணில் நெருக்கி வளர்த்த பத்துப் பதினைந்து நாற்றுகள். பார்ஸ்லிக்குக் கரட்டைப் போல ஆணிவேர். அத்தனை ஆணிவேரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், பிரித்தால் அறும், பிரிக்காமல் நட்டால் ஒன்றையொன்று பட்டினி போடும். விதையிலிருந்து வளர்த்து, நாலைந்து இலைப் பருவத்திலேயே, வேர் சாடியின் அடியைத் தொடும் முன், தனித்தனியாக நட்ட கன்று பனி கொட்டும்வரை இலை கொடுக்கும். எங்கள் வீட்டில் ஆறு கன்று. ஜூன் கடைசி முதல் நவம்பர் வரை நாங்கள் கடையில் வாங்குவதில்லை.

வெளியே நடும் காலத்தைப் பற்றியும் ஒரு பழக்கம் இருக்கிறது. விக்ரோறியா நாள் வரும்வரை ஒன்றையும் வெளியே வைக்கக்கூடாது என்று நமக்குள் ஒரு விதி. மே 25 க்கு முந்திய அந்தத் திங்கட்கிழமை தக்காளிக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் சரியான எல்லை. பார்ஸ்லி இலேசான உறைபனியைத் தாங்கும். ஒரு கிழமை பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கிவிட்டு, மே முதல் கிழமையிலேயே நடலாம். கன்றுக்குக் கன்று ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கோடையில் பின்னேர வெயில் படாத இடம் நல்லது. இரண்டு மாதத்துக்குக் கம்பிவலை கட்டுங்கள், ரொறன்ரோ முயலுக்குப் பார்ஸ்லியை விடப் பிடித்தது வேறு இல்லை.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விடயம். ஜூலையில் ஒரு காலை நீங்கள் தோட்டத்துக்குப் போகும்போது, பார்ஸ்லித் தண்டில் ஒரு புழு இருக்கும். பச்சை உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டிகள், பட்டியில் மஞ்சள் பொட்டுகள். உடனே மருந்து தேடி ஓடாதீர்கள். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவராகப் பிரிந்த கொம்பு ஒன்றை நீட்டும், ஒரு நெடி அடிக்கும். அந்தக் கொம்பை நீங்கள் ஏற்கெனவே கண்டிருக்கிறீர்கள். ஊரில் தேசிக்கன்றிலும் கறிவேப்பிலையிலும் இருக்கும் பச்சைப் புழுவைத் தடியால் தீண்டி, அது கொம்பு நீட்டுவதைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள்தானே நாம். அந்தப் புழுவுக்கும் இதற்கும் சொந்தம் உண்டு. பிறந்த புதிதில் இரண்டும் பறவை எச்சம் போன்ற கோலத்தில் இருந்து எதிரியை ஏய்க்கும். இங்கே பார்ஸ்லியில் வளர்வது கறுப்பு அழகி வண்ணத்துப்பூச்சி. கறுப்புச் சிறகில் மஞ்சள் புள்ளிகள், பின்சிறகில் நீலத் தூவல், நுனியில் சிறு வால்.

இந்தப் புழு நம் குடைப்பூக் குடும்பத்தைத் தவிர வேறு எதையும் பெரிதாகத் தீண்டாது. பார்ஸ்லி, சதகுப்பை, பெருஞ்சீரகம், கரட் இலை, வீதி ஓரங்களில் வெள்ளைக் குடைபோல் பூக்கும் காட்டுக் கரட். உங்கள் தக்காளிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. ஒரு புழு ஒரு கன்றின் பாதியைத் தின்னும், அந்தக் கன்று திரும்பத் தளிர்க்கும். கோடைக் கடைசியில் வரும் புழு கூட்டுப்புழுவாகி, அருகில் ஒரு தண்டிலோ வேலிப் பலகையிலோ ஒட்டிக்கொண்டு, நம் பனிக்காலம் முழுவதையும் அப்படியே கழித்து, அடுத்த மே மாதம் சிறகோடு வெளியே வரும். மைனஸ் 20 பாகைக் குளிரில் எங்கள் வேலியில் ஒட்டியிருந்த ஒரு கூட்டை என் பேத்தி தினமும் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே உங்களுக்கு நான்கு கன்று வேண்டுமென்றால் ஆறு கன்று நடுங்கள். இரண்டை அவற்றுக்கு விடுங்கள். நாம் இந்த நாட்டில் வாங்கிய முப்பது அடி நிலத்தில் நமக்கு முன்பே குடியிருந்தவை அவை.

குசினிக்கு வருவோம். பார்ஸ்லியைக் கொத்தமல்லிக்கு மாற்றாகப் போட்டுப் பார்த்து, மணம் வரவில்லை என்று ஒதுக்கியவர்கள் பலர். அது கொத்தமல்லி வேலையைச் செய்யாது. வல்லாரையின் வேலையைச் செய்யும். தட்டை இலைப் பார்ஸ்லியைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, கூரிய கத்தியால் மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பிசைந்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டால் வல்லாரைச் சம்பலின் தம்பி தயார். லெபனான் வீடுகளில் தபூலே என்று செய்வதும் இதற்குப் பக்கத்துப் பண்டம்தான். ஒரு கோப்பை பார்ஸ்லிக்குக் கொஞ்சம் கோதுமை ரவை, தக்காளி, எலுமிச்சை, ஒலிவ் எண்ணெய். லோரன்ஸ் அவெனியூ கிழக்கில் உள்ள அரபுக் கடைகளில் பார்ஸ்லி கட்டுக்கட்டாக விற்பதற்கு அதுதான் காரணம். அவர்களுக்கு அது கீரை. தட்டின் ஓரத்து அலங்காரம் என்று அதை ஒதுக்குவது நமக்கும் தேவையில்லை. இலையைப் பறிக்கும்போது வெளித்தண்டுகளை அடியோடு வெட்டுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் பலர். பார்ஸ்லியில் விற்றமின் கே மிக அதிகம், திடீரென்று தினமும் கோப்பை கோப்பையாகச் சாப்பிட்டால் மருந்தின் வேலை குறையும். மருத்துவரிடம் சொல்லி, அளவை ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும். பார்ஸ்லி விதையையும் அதன் எண்ணெயையும் மருந்தென்று உட்கொள்ள வேண்டாம், கர்ப்பிணிகள் அறவே கூடாது.

இன்னொன்று, காட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் பார்ஸ்லி போலவோ கரட் போலவோ தெரியும் எதையும் பறிக்காதீர்கள். இதே குடும்பத்தில்தான் ஆளைக் கொல்லும் ஹெம்லொக் செடிகளும் இருக்கின்றன, ஒன்ராறியோவில் வளர்கின்றன. மஞ்சள் குடையாகப் பூத்து நெடுஞ்சாலை ஓரங்களில் நிற்கும் காட்டுப் பார்ஸ்னிப்பின் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம் போலப் பொங்கும். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். விதையிலிருந்து நீங்களே வளர்த்த செடியில் இந்தப் பயம் இல்லை.

நவம்பரில் செடி முடிந்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். பார்ஸ்லிக்கு ஈராண்டு வாழ்வு. அடியைச் சருகால் மூடிவிட்டால் பெரும்பாலான ஆண்டுகளில் நம் பனிக்காலத்தைத் தாண்டி, ஏப்ரலில் பனி கரையும் முன்பே பச்சை காட்டும். முதல் சில கிழமை இலை நன்றாக இருக்கும், ஜூனில் தண்டு எழுந்து பூக்கத் தொடங்கியதும் கசக்கும். அப்போது வெட்டி எறியாமல் ஒரு செடியையாவது விடுங்கள். சின்னஞ்சிறு தேனீக்களும் மிதவை ஈக்களும் அந்தப் பூவைச் சுற்றி நாள் முழுதும் நிற்கும். ஓகஸ்ட் மாதத்தில் காய்கள் பழுப்பாகும்போது குடையோடு வெட்டி, கடதாசிப் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் விதை உதிரும். சுருள் இலையும் தட்டை இலையும் பக்கத்தில் பூத்தால் கலந்துவிடும், ஏதாவது ஒன்றை மட்டும் பூக்க விடுங்கள்.

ஒரு செடியின் விதை பத்து வீட்டுக்குப் போதும். ஊரில் விதையைக் கடையில் வாங்கியவர்கள் நாம் இல்லை. பக்கத்து வளவிலிருந்து ஒரு பிடி வாங்கி, அடுத்த ஆண்டு ஒரு பிடி திருப்பிக் கொடுத்தவர்கள். நாடு மாறி வந்ததில் அந்தக் கொடுக்கல் வாங்கல் விட்டுப்போயிற்று. எங்கள் தெருவில் இப்போது மூன்று வீட்டில் அது திரும்பத் தொடங்கியிருக்கிறது, மூன்றில் ஒன்று அந்த அக்காவின் வீடு. வேலிக்கரையில் அவர் கொட்டிய மண்ணிலிருந்து பிடுங்கி நட்ட கன்றுகள் இப்போது சருகுக்கும் பனிக்கும் அடியில் கிடக்கின்றன. இந்த ஜூனில் பூக்கும்.

மார்ச் முதல் கிழமைக்குள் புது விதை வாங்கி வையுங்கள். இரவு ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து, தட்டில் போடுங்கள். போட்ட திகதியைத் தட்டின் ஓரத்தில் அழியாத மையால் எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே, அன்றிலிருந்து 35 ஆம் நாளின் திகதியையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது திகதி வரும்வரை மண்ணை ஈரமாக வைத்திருங்கள், கொட்டாதீர்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்களில் ஒருவன்